மனநோய்க்கு மருந்தான உலோகம்

வேதியியல் ஆய்வகத்தில் நீங்கள் சுடர்ச் சோதனை செய்து பார்த்திருப்பீர்கள். பிளாட்டினக் கம்பியின் நுனியை அமிலத்தில் தோய்த்து, உப்பைத் தொட்டு, பன்சன் சுடரில் காட்டினால் சோடிய உப்பு மஞ்சளாகவும், பொட்டாசிய உப்பு வெளிர் ஊதாவாகவும், தாமிர உப்பு பச்சையாகவும் ஒளிரும். லித்தியம் உப்பு கிடைத்தால் சுடர் செம்பருத்திப் பூவின் நிறத்தில் செக்கச்செவேலென மாறும். (தீபாவளி மத்தாப்பின் சிவப்பும் இதுதானோ என்று எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியத்தின் வேலை.)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இந்தச் செந்நிறச் சுடரை இளங்கலை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு ஒரு மாணவன் மட்டும் மேசை அருகிலேயே நின்றான். "சார், என் இரத்தத்தை எடுத்து இதில் காட்டினால் இந்தச் சிவப்பு வருமா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன் வைத்தான். அதில் 'லித்தியம் கார்பனேட், 300 மில்லி கிராம்' என்றிருந்தது.

அந்தக் கேள்விக்கு விடைதான் இக்கட்டுரை.

அவனைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முந்திய ஆண்டு அவன் மூன்று இரவுகள் தொடர்ந்து தூங்காமல் இருந்திருக்கிறான். ஐன்ஸ்டைனின் கொள்கையைத் தவறென்று நிறுவிவிட்டதாகச் சொல்லி நான்கு நோட்டுப் புத்தகங்களை நிரப்பினான். விடுதிக் கட்டணத்துக்கு வீட்டிலிருந்து வந்த பணத்தில் நண்பர்கள் அனைவருக்கும் புத்தகம் வாங்கிக் கொடுத்தான். ஒரு பேச்சை முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவினான். இது நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல ஆர்வமுள்ள பையன் என்று தட்டிக் கொடுத்தேன். அந்தத் தவற்றை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு மாதம் கழித்து அவன் போர்வைக்குள் சுருண்டு, சாப்பாட்டையும் மறுத்துக் கிடந்தபோதுதான் பெற்றோர் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்.

மனம் ஒரு காலத்தில் அளவுக்கு மீறி எழும்பியும், வேறொரு காலத்தில் அளவுக்கு மீறித் தாழ்ந்தும் போகும் இந்த நோய்க்கு இருதுருவ மனநோய் என்று பெயர். எழும்பிய நிலையை மருத்துவர்கள் மேனியா என்பார்கள். தாழ்ந்த நிலை மனச்சோர்வு. பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. நீரிழிவைப் போல இதுவும் ஒரு நோய். பேயும் அல்ல, சாபமும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல.

கல்லில் கிடைத்த தனிமம்

லித்தியத்தின் அணு எண் 3. உலோகங்களுள் மிக இலேசானது இதுவே. ஒரு கன சென்டிமீட்டரின் நிறை 0.53 கிராம்தான். மண்ணெண்ணெயில் போட்டாலும் மிதக்கும். அண்டம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், அவற்றோடு மிகச் சிறிதளவு லித்தியம், அவ்வளவுதான். உங்கள் எலும்பிலுள்ள கால்சியமும் இரத்தத்திலுள்ள இரும்பும் பிற்காலத்தில் விண்மீன்களின் வயிற்றில் வெந்தவை. அந்த வகையில் இம்மூன்றும் மற்றத் தனிமங்களுக்கெல்லாம் மூத்தவை.

1817-இல் சுவீடனில், பெர்சீலியஸ் என்னும் பெரிய வேதியியலாரின் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆர்வெட்சன் என்ற இளைஞர், பெட்டலைட் என்னும் கனிமத்தைப் பகுத்தாராய்ந்தபோது இதைக் கண்டார். கல்லில் கிடைத்ததால் கல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு பெயரிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே இதன் உப்புகள் மருந்துப் பெட்டிக்குள் நுழைந்துவிட்டன. கீல்வாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டென்மார்க்கில் கார்ல் லாங்கே என்பவர் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கும் கொடுத்தார். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். அமெரிக்காவில் மட்டும் 1929-இல் வந்த ஓர் எலுமிச்சைச் சோடாவில் லித்தியம் சிட்ரேட் கலந்திருந்தது. இன்று செவன்-அப் என்று நாம் குடிக்கும் பானத்தின் முன்னோர் அதுதான். இப்போது அதில் லித்தியம் இல்லை.

பழைய சமையலறையில் ஓர் ஆய்வு

ஜான் கேட் ஆஸ்திரேலிய மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கி, சிங்கப்பூரின் சாங்கிச் சிறை முகாமில் மூன்றரை ஆண்டுகள் கிடந்தவர். போர் முடிந்து திரும்பியதும் மெல்போர்ன் நகரை அடுத்த பண்டூராவில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் பண்டக அறைதான் அவருக்கு ஆய்வகம். நோயாளிகளின் சிறுநீர்ச் சாடிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தாராம். வீட்டிலிருந்தவர்கள் என்ன சொன்னார்களோ!

அவர் எண்ணியது இது: தைராய்டுச் சுரப்பு மிகுந்தால் மனிதன் படபடக்கிறான், குறைந்தால் மந்தமாகிறான். அதுபோல மேனியாவும் உடலில் ஏதோ ஒரு பொருள் மிகுவதால் வருவதாக இருக்கலாம். அப்படியானால் மிகுந்த பொருள் சிறுநீரில் வெளியேற வேண்டும். மேனியா நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அது மற்றவர்களின் சிறுநீரைவிட நச்சுமிக்கதாகத் தோன்றியது. நஞ்சு யூரியாதான் என்று கண்டார். ஆனால் அதன் நச்சுத் தன்மையைக் கூட்டுவது யூரிக் அமிலமோ என்று ஐயுற்றார். யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது. நன்கு கரையக்கூடிய உப்பு எது என்று தேடியபோது லித்தியம் யூரேட் கிடைத்தது. அதைச் சேர்த்தால் நச்சு கூடவில்லை, குறைந்தது!

காரணம் யூரேட்டா, லித்தியமா? இரண்டையும் பிரிப்பதற்காக வெறும் லித்தியம் கார்பனேட் கரைசலைச் செலுத்தினார். எப்போதும் துள்ளித் திமிறும் கினிப் பன்றிகள் இரண்டு மணி நேரத்தில் சாதுவாகிவிட்டன. மல்லாக்கப் போட்டாலும் திமிறாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தன. அந்த விலங்குகள் அமைதியடையவில்லை, இலேசான நஞ்சேறி மயங்கியிருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். சிறுநீரில் ஒரு மேனியா நஞ்சு இருக்கும் என்ற அவரது அடிப்படைக் கருத்தும் நிலைக்கவில்லை. ஆனாலும் பிரித்துப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்தாரே, அதை என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்.

அடுத்து, மருந்தைத் தாமே விழுங்கிப் பார்த்தார். தமக்குத் தீங்கில்லை என்று தெரிந்ததும், 1948 மார்ச் 29 அன்று 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளாக ஓயாத மேனியாவில் இருந்தவர் அவர். சில வாரங்களில் நிதானத்துக்கு வந்தார். ஜூலை மாதம் வீடு திரும்பினார், பழைய வேலைக்கும் போனார். கேடின் ஆய்வுக் கட்டுரை 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்தது. மேனியா நோயாளிகள் பத்துப் பேரிடமும் நல்ல பலன் கண்டதாக அதில் எழுதினார்.

கதை இத்துடன் நின்றிருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முதல் நோயாளி, நலமானபின் மருந்தை நிறுத்திவிட்டார். நோய் திரும்பியது. மீண்டும் மருத்துவமனை, மீண்டும் லித்தியம். 1950-இல் அவர் இறந்தார், லித்தியம் நஞ்சேறியே இறந்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு துயரம் நடந்திருந்தது. இதய நோயாளிகள் சமையல் உப்பைக் குறைக்க வேண்டியிருந்ததால், உப்புச் சுவைக்காக லித்தியம் குளோரைடைத் தூவிச் சாப்பிட்டார்கள். சிலர் இறந்துபோக, 1949-இல் அரசு அதைத் தடை செய்தது. உப்பைக் குறைத்த உடலில் லித்தியத்தைச் சேர்த்தது எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னால் விளங்கும்.

கேட் மனமுடைந்து சில காலம் லித்தியத்தையே கைவிட்டார். ஒரு கை மாத்திரை குணமாக்குகிறது, இன்னும் அரைக் கை சேர்ந்தால் கொல்கிறது என்றால் எந்த மருத்துவர் துணிவார்? தேவைப்பட்டது அளவுகோல்.

சுடரே அளவுகோல்

இங்கேதான் இயற்பியல் வருகிறது. லித்தியம் அணுவின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலெக்ட்ரான். சுடரின் வெப்பத்தில் அது ஒரு படி மேலே தாவி, உடனே கீழே விழுகிறது. விழும்போது 1.85 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஒளியாக விடுகிறது. அந்த ஒளியின் அலைநீளம் 671 நானோமீட்டர். நீங்கள் கண்ட செந்நிறம் அதுவே. எத்தனை லித்தியம் அணுக்கள் சுடருக்குள் செல்கின்றனவோ அதற்கேற்ப ஒளிச் செறிவு அமையும். ஆகவே ஒளியை அளந்தால் அணுக்களின் எண்ணிக்கையை அளந்தது போல ஆகும்.

இந்தக் கருவிக்குச் சுடர் ஒளிமானி என்று பெயர். குருதி உறைந்த பின் பிரிந்து எஞ்சும் சீரத்தை நீர்த்துச் சுடருக்குள் தெளிக்கிறார்கள். வரும் ஒளியை ஒரு நிறவடிகட்டி வழியே ஒளிமின்கலத்தில் விழச்செய்து மின்னோட்டத்தை அளக்கிறார்கள். வடிகட்டி எதற்கு? இரத்தத்தில் சோடியம் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் இருக்கிறது. மருந்தாகச் சேரும் லித்தியமோ ஒரு மில்லிமோலுக்கும் குறைவு. 589 நானோமீட்டர் மஞ்சள் வெள்ளத்தில் அந்தச் சிறு சிவப்பு மூழ்கிப் போகும். ஆகவே என் மாணவனின் கேள்விக்கு விடை: கம்பியில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தொட்டுச் சுடரில் காட்டினால் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள்தான். சிவப்பும் அதற்குள் இருக்கும், வடிகட்டிக்குத்தான் தெரியும்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டிராட்னர் என்பவர் இம்முறையைக் கைக்கொண்டார். இரத்த அளவைக் கண்காணித்தால் லித்தியத்தை ஆபத்தின்றித் தரலாம் என்று காட்டினார். 1951-இல் அவரும் சார்லஸ் நோவாக்கும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ 1954-இல் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, விழுந்த பக்கத்தின்படி நோயாளிகளில் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று பிரித்துச் சோதித்தார். ஷூவின் உடன்பிறந்த சகோதரரே மனச்சோர்வால் துன்புற்றவர். இந்த ஆய்வில் அவர் காட்டிய பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். 1970-இல் அவரது குழு வெளியிட்ட சோதனையில், லித்தியத்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்ட 39 பேரில் 21 பேருக்கு ஐந்து மாதங்களுக்குள் திரும்பியது. அதே ஆண்டு அமெரிக்க அரசும் மருந்துக்கு அனுமதி அளித்தது. இன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இது இருக்கிறது. இந்நோயாளிகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயத்தை இது குறைப்பதாகவும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

சுடர் ஒளிமானியின் இடத்தில் இன்று பல ஆய்வகங்களில் லித்தியம் அயனியை மட்டும் உணரும் மின்முனைகளும் நிறமாற்ற முறைகளும் வந்துவிட்டன. அளக்கும் எண் அதேதான்.

குறுகிய வரப்பு

அந்த எண் என்ன? நோய் வராமல் காக்க ஒரு லிட்டர் சீரத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் குறிகள் தோன்றும். 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு, முக்கியமாக முதியவர்களுக்கு, இதற்குக் குறைந்த அளவிலேயே தொல்லை தொடங்கிவிடும். 0.8 மில்லிமோல் என்பது லிட்டருக்கு 5.6 மில்லி கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுதும் சேர்த்தால் ஏறத்தாழக் கால் கிராம் லித்தியம். இந்தக் கால் கிராம் அரைக் கிராம் ஆவதற்குள்தான் மருந்து நஞ்சாகிவிடுகிறது. வயல் வரப்பில் நடப்பது போல இருபுறமும் பார்த்து நடக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய அயனி மூளையில் என்ன செய்கிறது? லித்தியம் அயனியும் மெக்னீசியம் அயனியும் ஏறத்தாழ ஒரே பருமன். மெக்னீசியம் அமர வேண்டிய இடத்தில் இது அமர்ந்து, நரம்புச் செல்களுக்குள் செய்தி கடத்தும் சில நொதிகளின் வேகத்தைத் தணிக்கிறது. இது மட்டுமே முழு விளக்கம் என்று அறிவியலார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்ட மருந்து. அது வேலை செய்யும் விதம் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. உடலில் புகுந்த லித்தியத்தில் பாதி ஏறத்தாழ ஒரு நாளில் சிறுநீரில் வெளியேறுகிறது என்று கொள்வோம். கதிரியக்கப் பாடத்தில் படித்த அரை ஆயுள்தான் இது. தினமும் ஒரே அளவு மருந்து எடுத்தால், மாத்திரை உட்கொண்டவுடன் உடலில் இருப்பது முதல் நாள் 1, இரண்டாம் நாள் 1½, மூன்றாம் நாள் 1¾, நான்காம் நாள் 1⅞ என ஏறி, 2-ஐ நெருங்கி நின்றுவிடும். பெருக்குத் தொடர் அறிந்தவர்களுக்கு இது புரியும். ஐந்தாறு நாளில் அளவு நிலைபெறுகிறது. மருந்து தொடங்கியோ அளவை மாற்றியோ ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்பதன் காரணம் இதுவே.

சரி, ஏதோ காரணத்தால் சிறுநீரகம் மெத்தனமாகி, அரை ஆயுள் இரண்டு நாளாகிவிட்டால்? மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே உடலில் தேங்கும் சராசரி அளவு இரு மடங்காகும். 0.8 இருந்த இடத்தில் 1.6! ஒரு மாத்திரைகூடக் கூடுதலாக விழுங்காமலே ஆபத்துக் கோட்டைத் தாண்டிவிடுவார்.

சிறுநீரகம் எதனால் மெத்தனமாகும்? ஒரு நாளில் அது சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. சோடியத்தையும் அப்படியே மீட்கிறது. லித்தியமும் சோடியமும் தனிம அட்டவணையில் ஒரே குடும்பத்தவை அல்லவா? மீட்கும் வழியில் சிறுநீரகம் இரண்டையும் சேர்த்தே அள்ளுகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், 'ஐயோ, சோடியம் போகிறதே' என்று இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கூடவே லித்தியமும் தங்கிவிடுகிறது. அமெரிக்க இதய நோயாளிகளுக்கு நேர்ந்தது இதுதான்.

மே மாதத்தில் நடந்தது

என் மாணவனுக்கும் இதுவே நேர்ந்தது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தான். நல்ல வெயில். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. அம்மா உப்பில்லாத அரிசிக் கஞ்சி கொடுத்தார். உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு ஐபுபுரோஃபென் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். லித்தியம் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தார். 'நிறுத்தவே கூடாது' என்று மருத்துவர் சொல்லியிருந்தாரே! அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிறு கெட்டால் என்ன செய்வது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள் அவன் தள்ளாடினான். நாக்குக் குழறியது. குடித்திருக்கிறான் என்றார் ஒருவர். பழைய நோய் திரும்பிவிட்டது, இன்னொரு மாத்திரை கொடுங்கள் என்றார் இன்னொருவர். நல்லவேளையாக அதே தெருவில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அவர் வந்து, அவன் கைகளை நீட்டச் சொன்னார். விரல்கள் இலேசாக நடுங்கவில்லை, கையே உதறியது. "அக்கா, தம்பிக்கு என்ன மாத்திரை குடுக்குறீங்க? அட்டையைக் காட்டுங்க" என்றார். பார்த்ததும், "இதை இனி ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. வண்டி கூப்பிடுங்க" என்றார். மருத்துவமனையில் இரத்த அளவு 2.4 என்று வந்தது. சிரை வழியே உப்பு நீர் ஏற்றி, சிறுநீரகத்தைக் கவனித்து, மணிக்கணக்கில் அருகிருந்து பார்த்தார்கள். இன்னும் முற்றியிருந்தால் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்கும். லித்தியத்தை அது நன்றாக வெளியேற்றும்.

அந்தச் செவிலியரை நான் பின்னர் சென்று பார்த்தேன். மனநலப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவர். லித்தியம் எடுப்பவருக்குக் கையில் மெல்லிய நடுக்கமும் தாகமும் அடிக்கடி சிறுநீர் பிரிதலும் இருப்பது வழக்கமே, பயப்பட வேண்டாம் என்றார். அந்த நடுக்கம் பெரிதாகி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம், குழறல், தள்ளாட்டம் என்று சேர்ந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்து உடனே மருத்துவரிடம் போக வேண்டும். "மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே நாங்கள் கையைப் பார்த்துவிடுவோம் சார்" என்றார். எவ்வளவு எளிய சோதனை! கருவி ஒன்றும் வேண்டாம்.

இன்னும் சில சொன்னார். இரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு ஒன்பதுக்கு உட்கொண்டால் காலை ஒன்பதுக்கு, அதுவும் காலை மாத்திரைக்கு முன்னால். மாத்திரை விழுங்கி இரண்டு மணியில் எடுத்தால் எண் வீணாக எகிறி எல்லோரையும் கலங்கடிக்கும். குருதி உறையாமலிருக்கச் சில குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் என்ற பொருளையே பூசியிருப்பார்களாம். அந்தக் குழாயில் எடுத்தால் குழாயின் லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும்! ஆய்வகத்தில் கழுவாத கம்பியால் சுடர்ச் சோதனை செய்து என்னிடம் திட்டு வாங்கிய மாணவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

சாப்பாட்டு உப்பைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும், கோடையில் இன்னும் அதிகமாக. உண்ணாநோன்பு இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகளும் லித்தியத்தை உடலில் தேக்கிவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், பல்லுக்குப் போனாலும்கூட, 'நான் லித்தியம் எடுக்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் அது மெல்ல மெல்லப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அவற்றுக்கும் பரிசோதனை உண்டு. நலமாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதோ பெரிய ஆபத்து. கேடின் முதல் நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

"இத்தனையும் சரி, மருந்து கொடுக்கும்போது மறக்கக் கூடாதது எது?" என்று கேட்டேன். "பேர் சொல்லிக் கூப்பிடணும் சார். 'ஏய், மாத்திரை!'ன்னு நீட்டக் கூடாது" என்றார். எந்த மருந்து, எதற்கு, என்ன தொல்லை வரும் என்று நோயாளிக்கு விளக்கிவிட்டால் பாதிப் பேர் தாமே ஒழுங்காகச் சாப்பிடுவார்களாம். 2001 ஆகஸ்டில் நம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டில் லித்தியம் மலிவாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பதை வெளிப்படையாகவே தடை செய்கிறது.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ யாராவது பல இரவு தூங்காமல் பொங்கிக்கொண்டிருந்தாலோ, வாரக்கணக்கில் சுருண்டு கிடந்தாலோ, நான் செய்தது போலத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி-மனாஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாருடைய மாத்திரையையும் நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மாணவன் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்தான். மருத்துவர் குறைந்த அளவில் மருந்தை மறுபடி தொடங்கினார். பட்டம் பெற்று, இப்போது ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். சென்ற முறை வந்தபோது ஒரு வரைபடத் தாளைக் கொண்டுவந்தான். கிடை அச்சில் தேதி, செங்குத்து அச்சில் இரத்த அளவு. 0.6-இலும் 1.0-இலும் இரண்டு சிவப்புக் கோடுகள். ஆண்டுக்கணக்கான புள்ளிகள் அவ்விரு கோடுகளுக்கும் நடுவே எறும்பு வரிசை போலச் சென்றன. ஒரு மே மாதப் புள்ளிக்கு மட்டும் தாளில் இடம் போதவில்லை. மேலே வேறொரு துண்டுத் தாளை ஒட்டி அதைக் குறித்திருந்தான்.